காற்று இறங்கும் சத்தம்

சுண்ணாம்புச் சூளையில் வேலை பார்ப்பவர்களை ஷிப்ட் முடிகிற நேரத்தில் அடையாளம் கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபம் இல்லை. புருவம், இமை, காது மடல், செருப்பு வார் எல்லாம் ஒரே வெள்ளை. பெற்ற பிள்ளையே கதவைத் திறந்து "யாரு வேணும்?" என்று கேட்கும். அதனால் அங்கே முகத்தை யாரும் நம்புவதில்லை. நடையையும் இருமலையும் வைத்துத்தான் ஆளைச் சொல்வார்கள். பிரேக் பார்க்கும் ஒருவருக்கு மட்டும் தட்டல்தான் அடையாளம். ஸ்பேனரால் தண்டவாளத்தில் டங், டங் என்று இரண்டே தட்டு. அதனால் அவருக்கு ரெண்டுதட்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டைக்குள் இருபத்தாறு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் தட்டு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். சூளை ஆறு மாடி உயரம். சுண்ணாம்புக் கல்லை அதன் உச்சிக்குக் கொண்டுபோக ஒரு பெரிய இரும்புத் தொட்டி இருந்தது. சாய்வான தண்டவாளத்தில் சக்கரம் வைத்து ஏறும். காலியாக இருக்கும்போதே ஒரு டன் எடை. தடித்த இரும்புக் கயிறு அதை இழுக்கும், அந்தக் கயிறு ஒரு பெரிய உருளையில் சுற்றும். உருளையைப் பிடித்து நிறுத்துவது ஒரு பிரேக். தண்டவாளத்தை ஒட்டி இரும்பு மேடையில் ஒரு சின்ன அறை கட்டி, உருளையையும் பிரேக்கையும் அதற்குள் வைத்திருந்தார்கள். கூடவே ஒரு பெஞ்சையும் ரெண்டுதட்டையும் வைத்திருந்தார்கள்.

அந்த பிரேக்கின் குணமே தனி. மற்ற பிரேக்கை அழுத்தினால் பிடிக்கும், விட்டால் விட்டுவிடும். இது தலைகீழ். உள்ளே முன்கை பருமனுக்கு ஸ்பிரிங்குகள் எப்போதும் உருளையை இறுக்கிக்கொண்டே இருக்கும். கம்பிரசரிலிருந்து காற்று வந்து அந்த ஸ்பிரிங்குகளைத் தள்ளினால்தான் பிடி விலகும். காற்று போய்விட்டால் ஸ்பிரிங் திரும்பக் கவ்விக்கொள்ளும். கரண்டு போகட்டும், குழாய் வெடிக்கட்டும், ஆள் மயங்கி விழட்டும், தொட்டி நின்ற இடத்தில் நிற்கும். மனிதனை நம்பாத ஆள் யாரோ யோசித்துச் செய்தது அது. ஆனால் ஒன்று, காற்று போக வேண்டும். முழுசாகப் போக வேண்டும். அரைகுறையாக உள்ளே தங்கிவிட்டால் பிடியும் அரைகுறைதான்.

வாரம் ஒருநாள் சூளைக்கு ஓய்வு. அன்று தொட்டிக்கு அடியில் இருக்கும் குழியைச் சுத்தம் செய்ய வேண்டும். ஆறு நாளும் சிதறிய கல்லும் தூளும் அங்கே இடுப்பளவு கிடக்கும். தொட்டியைப் பன்னிரண்டு அடி மேலே ஏற்றி நிறுத்திவிட்டு ஒருவர் மண்வெட்டியோடு குழிக்குள் இறங்குவார். இறங்குகிறவர் ரெண்டுதட்டின் மனைவியோடு கூடப் பிறந்த தம்பி. நாற்பது வயதாகிறது. வாய் ஓயாத ஆள். தலைக்கு மேலே ஒரு டன் இரும்பு தொங்கும்போதும் பாட்டுப் பாடிக்கொண்டே அள்ளுவார்.

இதற்கு முறைப்படி என்ன செய்ய வேண்டும் என்று சுவரில் ஒரு பலகை இருந்தது. நெம்புகோலைத் தள்ளிக் காற்றை வெளியேற்று, காற்றுமானி முள் பூஜ்யத்துக்கு வந்ததைப் பார், வால்வில் பூட்டுப் போடு, தொட்டிச் சக்கரத்துக்குக் கீழே தண்டவாளத்தின் குறுக்கே இரும்புத் தண்டைச் செருகு, அதற்கப்புறம் ஆளை இறக்கு என்று எழுதியிருந்தது. எழுதியதை சுண்ணாம்பு மூடிவிட்டது. காற்றுமானியின் கண்ணாடியையும் மூடிவிட்டது. உள்ளே முள் எந்தக் காலத்திலோ இரண்டில் நின்றது, நின்றதுதான். பூட்டுக்குச் சாவி காணாமல் போயிற்று. குறுக்குத் தண்டு இருபத்தைந்து கிலோ, தூக்கிச் செருகுவதற்குள் முதுகு கழன்றுவிடும். இத்தனையும் எதற்கு, ரெண்டுதட்டின் காது இருக்கும்போது? நெம்புகோலைத் தள்ளியதும் பிரேக் ஸ்ஸ்ஸ் என்று மூச்சு விடும். அது மெலிந்து நின்றதும் டொக் என்று கவ்வும். அவர் அதைக் காது கொடுத்துக் கேட்டு, தண்டவாளத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். கீழே இருப்பவர் இறங்கிவிடுவார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு தட்டுகூடப் பொய்யானதில்லை. மனிதருக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

வீட்டில்தான் அது முதலில் வந்தது.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். மனைவி தையல் மெஷினில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். ஸ்ஸ்ஸ் என்று மெல்லிசாக ஒரு சத்தம். எழுந்துபோய் அடுப்பைத் திருகிப் பார்த்தார். மூடித்தான் இருந்தது. "கேஸ் கசியுது" என்றார். அவள் மெஷினை நிறுத்திவிட்டு, சோப்புத் தண்ணீர் கரைத்து குழாய் முழுக்கத் தடவிக் காட்டினாள். ஒரு குமிழ்கூட வரவில்லை. அவர் அவளை நம்பவில்லை, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலோரமாகவே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கும்போது டயரில் காற்று இறங்கும் சத்தம். இறங்கி அமுக்கிப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. ஏறி மிதித்தால் மறுபடி ஸ்ஸ்ஸ். மூன்று தடவை இறங்கி ஏறினார். தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்புறம் தண்ணீர்க் குழாய், குக்கர், பக்கத்து வீட்டு கார் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார். ஒவ்வொன்றும் நல்லபடியாகத்தான் இருந்தது. சத்தம் மட்டும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு, ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு அவர் கூடவே நடந்து வந்தது. எப்போதும் இடது பக்கம். கொஞ்சம் பின்னால், தோளுக்கு அருகில்.

தோளுக்கு அருகில் என்றதும்தான் அவர் பயந்தார். ஏனென்றால் அந்த மாதிரி மூச்சை அவர் முன்பு கேட்டிருக்கிறார்.

அவருக்கு முன்னால் பிரேக் அறையில் ஒரு ஆபரேட்டர் இருந்தார். நுரையீரல் முழுக்க சுண்ணாம்பு. கடைசி ஒரு வருஷம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள், அவர் இடது ஓரம், இவர் வலது ஓரம். அந்த மனிதர் மூச்சு விட்டால் பல்லிடுக்கில் ஊதுவது போல ஸ்ஸ்ஸ் என்று வரும். ஒருநாள் காலை பத்து மணிக்கு பெஞ்சில் உட்கார்ந்தபடியே அந்தச் சத்தம் நின்றது. இவர் பிரேக்கைக் கவனித்துக்கொண்டிருந்ததால் அது நின்றதையே கவனிக்கவில்லை. தேநீர் கொண்டுவந்தவர் பார்த்துச் சொல்லித்தான் தெரிந்தது. அதை இவர் யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்தில் ஒரு ஆள் போய்ச் சேர்ந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தோமே என்ற உறுத்தல் உள்ளேயே கிடந்தது.

இப்போது பிரேக் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது இடது பக்கம் அந்த மூச்சு வந்தது. திரும்பிப் பார்த்தால் பெஞ்சு காலி. பெஞ்சின் மேல் வெள்ளைத் தூள் படிந்திருக்கும், இடது ஓரத்தில் அது கொஞ்சம் கலைந்திருப்பது போலத் தோன்றும். தோன்றும் என்றுதான் சொல்கிறேன். ஜன்னல் காற்றாகவும் இருக்கலாம், இவரே முழங்கையால் துடைத்திருக்கவும் கூடும். ஆனால் அவர் மெல்ல வலது பக்கம் நகர்ந்து உட்கார ஆரம்பித்தார். இடது பக்கம் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார். வீட்டிலும் அப்படியே செய்தார். இரண்டு பேர் உட்காரும் சோபாவில் ஓரமாக ஒண்டிக்கொண்டு, மனைவி வந்து உட்காரப் போனால் "அங்க வேணாம்" என்றார். அவள் அந்தக் காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

இதைப் படிக்கிறவர்கள், நேராக ஒரு டாக்டரைப் பார்த்தால் என்னவாம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் காதினால் பேர் வாங்கிய மனிதர் காதுக்கு வைத்தியம் பார்க்கப் போவாரா? பேய் என்றால்கூட ஒப்புக்கொள்வார், காது பழுது என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார். பேயைப் பார்த்தவனை யாரும் வேலையை விட்டு எடுப்பதில்லை.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. வாரா வாரம் அவர் தட்டினார், மச்சினன் இறங்கினார்.

அந்த வாரம் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் ஓய்வு நாள், வெயில் அடித்தது. காலை பத்து மணி இருக்கும். சூளை ஓய்ந்திருந்தால் அந்த இடத்தைப் போல அமைதி வேறு எங்கும் கிடையாது. தூள் எல்லாச் சத்தத்தையும் குடித்துவிடும். நடந்தால் காலடி கேட்காது. மழைக்குப் பிறகு எல்லாமே இறுகி, மொத்த இடமும் பூசி மெழுகியது போல வெள்ளையாக, ஈ காக்கை இல்லாமல் கிடந்தது. அவர் தொட்டியை மேலே ஏற்றினார். மோட்டாரை நிறுத்தினார். வழக்கம்போல உருளையின் விளிம்பும் சட்டமும் சேரும் இடத்தில் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு போட்டார். உருளை அசைந்தால் கோடு இரண்டாக உடைந்து காட்டும், அவ்வளவுதான் அதன் வேலை. நெம்புகோலைத் தள்ளினார்.

ஸ்ஸ்ஸ்.

நீளமாக வந்தது, மெலிந்தது, நின்றது. டொக் கேட்டதா? கேட்டது என்றுதான் நினைத்தார். இருபத்தாறு வருஷம் ஸ்ஸ்ஸுக்குப் பின்னால் வந்த டொக் இன்றைக்கு மட்டும் வராமல் எங்கே போகும்? ஸ்பேனரை எடுத்துத் தண்டவாளத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். கீழே மச்சினன் கையைத் தூக்கிக் காட்டினார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தார்.

இரண்டாவது தம்ளர் தேநீரும் பாதியாகும்போது இடது பக்கம் அது வந்தது.

வழக்கத்தைவிடக் கிட்டத்தில். வழக்கத்தைவிட நீளமாக. அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "போதும்யா" என்று காலி இடத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். அதுவரை அவர் அதனோடு பேசியதில்லை. சத்தம் நிற்கவில்லை. பேசியதைக் கேட்டுக்கொண்டு இன்னும் நெருங்கியது போல இருந்தது. பார்வையை அங்கிருந்து திருப்ப வேண்டும் என்பதற்காகவே உருளையைப் பார்த்தார்.

சிவப்புக் கோடு உடைந்திருந்தது.

ஒரு விரல் அகலம். தானே கோணலாகப் போட்டுவிட்டோமோ என்று ஒரு கணம் நினைத்தார். நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு விரல் இரண்டு விரலாயிற்று. உருளை சுற்றிக்கொண்டிருந்தது. மோட்டார் நின்றிருக்கிறது, பிரேக் மூடியிருக்கிறது, தட்டியாயிற்று, ஆள் இறங்கியாயிற்று, உருளை தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ பொறுமையாகக் கையால் திருப்புவது போல. ஒரு கிறீச் இல்லை, ஒரு முனகல் இல்லை. அல்லது இருந்து, அவருக்குத்தான் கேட்கவில்லையோ என்னவோ.

கத்த வாயைத் திறந்தார், தொண்டையில் காற்றுதான் வந்தது. நெம்புகோலை இன்னும் தள்ளினார். அதற்கு மேல் அது போகாது. பாய்ந்து போய் பிரேக்கின் காற்று வெளியேறும் வாயில் உள்ளங்கையை வைத்தார்.

ஒன்றும் வரவில்லை.

கையில் ஒரு இழை காற்றுகூடப் படவில்லை. காதிலோ ஸ்ஸ்ஸ் என்று பெரிதாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கை இல்லை என்கிறது, காது இருக்கிறது என்கிறது. அந்த ஒரு கணத்தில் அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. செத்துப்போனவருக்காக அல்ல. இடது பக்கம் எவரும் இல்லை, எப்போதுமே இருந்ததில்லை என்று அந்த உள்ளங்கை சொல்லிவிட்டதற்காக.

காற்றுக் குழாயின் அடியில் தண்ணீரை வடிக்க ஒரு சின்னத் திருகு உண்டு. அதை ஸ்பேனரால் திருகினார். வெள்ளைத் தண்ணீரைத் துப்பிவிட்டுக் காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. டொக். மேடையே அதிர்ந்தது. அது காதுக்கு மட்டும் கேட்ட டொக் இல்லை, பாதத்துக்கும் கேட்டது. படிக்கட்டில் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது.

குழி விளிம்பில் மச்சினன் ஏறி நின்றுகொண்டிருந்தார். மேலே தொட்டி ஒரு முழம் கீழே வந்து நின்றிருந்தது. அதன் சக்கரங்கள் தண்டவாளத்தின் குறுக்கே செருகியிருந்த இரும்புத் தண்டின்மேல் உட்கார்ந்திருந்தன. பதிந்து அமர்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் திருகைத் திறப்பதற்கு முன்பே தொட்டியை அந்தத் தண்டு பிடித்து நிறுத்திவிட்டது. அவர் ஓடியது, திறந்தது எல்லாம் அதற்கப்புறம்தான்.

"இது யாரு வெச்சது?" என்றார்.

"நான்தான் மாமா."

"என்னிக்கிலேருந்து?"

மச்சினன் மண்வெட்டியைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். "ஆறு மாசமா வெக்கிறேன். நீங்க தட்டிட்டு டீ குடிக்கத் திரும்பிடுவீங்க இல்ல, அப்பதான் வெப்பேன்."

"எதுக்குடா?"

"அக்கா சொல்லுச்சு. மாமா தட்ட நம்பி இறங்காதன்னு."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. உயிர் பிழைத்து நிற்கும் மனிதனைப் பார்த்து அவருக்கு முதலில் வந்தது கோபம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அப்புறம்தான் குழி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மச்சினன் மேலே போய் பிரேக்கின் காற்று வாயில் திருகியிருந்த சத்தம் அடக்கியைக் கழற்றிக் கொண்டுவந்தார். நுண்ணிய துளைகள் உள்ள கட்டைவிரல் அளவுச் சாமான் அது. மூன்று நாள் ஈரத்தில் உள்ளே படிந்த சுண்ணாம்பு இறுகிப் பல் மாதிரி ஆகியிருந்தது. தட்டிப் பார்த்தார், ஒரு தூள்கூட உதிரவில்லை. "அடைப்புதான் மாமா. புதுசு போட்டுட்டா தீந்துது. இதப் போயி யாருகிட்டயும் சொல்லணுமா என்ன" என்று சொல்லிவிட்டு அதைப் பையில் போட்டுக்கொண்டார். நல்ல மனசு. அப்படிப்பட்ட நல்ல மனசுகள்தான் பல பேரைக் குழியில் இறக்குகின்றன.

மத்தியானம் வீட்டுக்குப் போனார். மனைவி மெஷினில் இருந்தாள். அக்காவும் தம்பியும் காதும் காதும் வைத்தாற்போல ஆறு மாசம் நடத்தியதை எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வந்த முகத்தைப் பார்த்தே அவள் தையலை நிறுத்திவிட்டாள்.

"தண்டு பிடிச்சுதா?" என்று கேட்டாள்.

அவர் தலையை ஆட்டினார். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் தோள் குலுங்கியது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். கேஸ் கசிகிறது என்று அவர் மறுபடி ஒருநாள் துடித்தபோது சிலிண்டரே அடுப்பில் மாட்டியிருக்கவில்லையாம், தீர்ந்துபோய் வாசலில் கிடந்ததாம். அன்றைக்கே அவளுக்கு விளங்கிவிட்டது. இல்லாத காற்று இவருக்குக் கேட்கிறது என்றால், தன் தம்பி எதை நம்பிக் குழியில் இறங்குகிறான் என்று யோசித்திருக்கிறாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஒத்துக்குவீங்களா? காது சரியில்லன்னு சொன்னா நீங்க ஒடஞ்சு போயிடுவீங்க. எனக்குப் புருஷனும் வேணும், தம்பியும் வேணும்ங்க. வேற வழி தெரியல."

இரண்டு நாள் அவர் வேலைக்குப் போனார், வந்தார், யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. புது சத்தம் அடக்கி போட்டாயிற்று. பிரேக் பழையபடி ஸ்ஸ்ஸ் என்றது, டொக் என்றது. ஓய்வுபெற இன்னும் மூன்று வருஷம்தான். பேசாமல் இருந்தால் மூன்று வருஷமும் ரெண்டுதட்டாகவே இருந்துவிட்டுப் போகலாம். யாருக்கும் தெரியாது. தெரிந்த இரண்டு பேரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு தடவை நெம்புகோலைத் தள்ளும்போதும் அவர் பிரேக்கின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க ஆரம்பித்திருந்தார். கை வைக்காமல் எது எதனுடைய மூச்சு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சில சமயம் கையில் காற்று நின்ற பிறகும் காதில் போய்க்கொண்டே இருந்தது. அறையில் ஆவி இருப்பதாக நினைத்துப் பயந்ததைவிட, அங்கே தன்னைத் தவிர யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு அதிகமாகப் பயமாக இருந்தது. ஆவி என்றால் அறையை விட்டு ஓடிவிடலாம். இதை விட்டு எங்கே ஓடுவது?

மூன்றாம் நாள் இன்ஜினியர் அறைக்குப் போய், உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்.

"சார், கல்லா அடச்சுப் போன பைப்புல காத்து போற சத்தம் எனக்குக் கேட்டுது. அத நம்பி ஆள எறக்கிட்டேன்."

இன்ஜினியர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தார். அவர் நேராக எழுந்து பிரேக் அறைக்கு வந்து, காற்றுமானியின் கண்ணாடியை விரலால் துடைத்து, இரண்டில் நின்ற முள்ளைப் பார்த்தார். பலகையைத் துடைத்து முழுசாகப் படித்தார். அவருக்கும் முகம் வெளுத்துவிட்டது. அந்த அலட்சியத்தில் அவருக்கும் பங்கு உண்டு, வாரா வாரம் அந்தப் பக்கமாகத்தானே போய் வருகிறார். மறுநாளே புது மானி வந்தது, பூட்டும் சாவியும் வந்தது. தண்டைத் தூக்க ஒரு சின்னக் கப்பி மாட்டினார்கள். பத்து நிமிஷ வேலை இரண்டு நிமிஷமாயிற்று. முள் பூஜ்யத்தைத் தொடாமல், தண்டு செருகாமல் யாரும் தட்டக்கூடாது, தட்டினாலும் யாரும் இறங்கக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். இருபத்தாறு வருஷம் செய்யாததைச் செய்து முடிக்க ஒன்றரை நாள் ஆயிற்று.

ரெண்டுதட்டை காது சோதனைக்கு அனுப்பினார்கள். வருஷா வருஷம் வரும் சோதனையில் இரண்டு வருஷமாக ஏதோ சாக்குச் சொல்லி நழுவியிருந்தார். இந்தத் தடவை மச்சினன் கூடவே வந்தார். பஸ்ஸில் வழியெல்லாம் பேச்சுக் கொடுத்தார். மாமா, காது நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டா அக்காவ ரெண்டு பேருமா சேந்து ஒரு வாரம் கேலி பண்ணலாம் என்றார். இவருக்கும் சிரிப்பு வந்தது. உள்ளுக்குள் ஒரு மூலையில் நம்பிக்கையும் வந்தது. ஒரு தடவை தவறிவிட்டது, மழை, ஈரம், வயசு, யாருக்குத்தான் தவறாது?

சோதனை அறை ஒரு பெரிய அலமாரி அளவுதான் இருந்தது. சுவர் முழுக்க மெத்தை மாதிரி சாம்பல் நிறப் பஞ்சு. கதவு ஒரு சாண் தடிமன். உள்ளே ஒரே ஒரு நாற்காலி. சோதிக்கும் பெண் அவர் தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். எவ்வளவு மெல்லிசான சத்தமாக இருந்தாலும் சரி, கேட்டவுடன் அமுக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள். கதவை மூடினாள்.

அப்படி ஒரு நிசப்தத்தை அவர் வாழ்க்கையில் கேட்டதில்லை. தன் சட்டை உரசுவதுகூட உள்ளே கேட்கவில்லை. சின்னக் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் உதடுகள் யாரோடோ பேசி அசைந்தன, சத்தம் வரவில்லை. அவர் பட்டன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். வந்தது. மெல்லிசாக, இழை மாதிரி. அமுக்கினார். நின்றது போல இருந்தது, மறுபடி வந்தது, இந்தத் தடவை கொஞ்சம் பெரிதாக. அமுக்கினார். அப்புறம் இடதில் ஒன்று, வலதில் ஒன்று. ஒன்றைக்கூட விடவில்லை. பதினொன்று வரை எண்ணினார். எவ்வளவு மெல்லிசாக வைத்தாலும் பிடித்துவிடுகிறேனே என்று அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பழைய கர்வம் முழுசாகத் திரும்பி வந்தது. பன்னிரண்டாவதை அமுக்கிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது.

"சார், எதுக்கு அமுக்கிட்டே இருக்கீங்க? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்றாள் அந்தப் பெண்.

திறந்த கதவு வழியாக வெளியே மச்சினன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மடியில் பையை வைத்துக்கொண்டு, ஏதோ பாட்டுக்குக் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சத்தம் வந்து ஒரு வருஷம் ஆகிறது. தண்டு வைக்க ஆரம்பித்து ஆறு மாசம். அதற்கு முந்தைய ஆறு மாசமும் வாரா வாரம் அந்த மனிதர் இவர் தட்டை மட்டும் நம்பி அந்த இரும்புக்கு அடியில் போய் நின்றார். இருபத்தாறு தடவை. அதில் எத்தனை தடவை பிரேக் நிஜமாகவே மூச்சு விட்டது, எத்தனை தடவை தான் கேட்டது தன்னைத்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. இனிமேல் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. பட்டனை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார். ஹெட்போனைக் கழற்ற மறந்து எழுந்தார், அவள்தான் கழற்றிவிட்டாள். வெளியே வந்து மச்சினன் முன்னால் நின்று, தோளில் கையை வைத்து, மெல்ல அமுக்கிப் பார்த்தார்.

"என்ன மாமா?" என்று கேட்டார் மச்சினன். இவர் கையை எடுக்கவில்லை.